பெட்ரோல் வரியில் வளர்ந்த காடு: கோஸ்டா ரிக்காவின் வனச் சட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

கோஸ்டா ரிக்காவில் ஒருவர் வண்டிக்கு எரிபொருள் போடும்போது கட்டுகிற வரியில் ஒரு சிறு பங்கு, மலையில் யாரோ ஒரு விவசாயியின் காட்டுக்குப் போய்ச் சேர்கிறது. எரிபொருள் வரி வசூலில் 3.5 சதவீதம் அந்த நாட்டின் தேசிய வன நிதியத்துக்கு என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காற்றில் கரியை விடுபவர் அதை உறிஞ்சும் மரத்துக்குக் கூலி கொடுக்கிறார். கேட்கும்போதே நியாயமாகப் படுகிற ஏற்பாடு. உலகம் முழுக்க வனக் கொள்கை பேசுபவர்கள் கோஸ்டா ரிக்காவை மேற்கோள் காட்டுவதற்கு இதுவே முதல் காரணம்.

ஆனால் இந்த நிகழ்வைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகத் தெரிந்தது. காட்டைக் காப்பாற்றுவதற்கான பணம் எந்த வாசல் வழியாக வருகிறது? காலநிலை, காடு, தண்ணீர் மூன்றையும் ஒரே சட்டத்தில் கட்டிய நாடு இது. அந்தக் கட்டு எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே தளர்கிறது என்பதைப் பணம் வந்த வழியைப் பின்தொடர்ந்தால் புரிந்துகொள்ள முடிகிறது.

காடு எப்படிப் போனது

1940களில் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடு. 1980களின் நடுவில் அது கால் பங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எதைக் காடு என்று எண்ணுவது என்பதைப் பொறுத்துக் கணக்குகள் மாறும். இருந்தாலும் எந்தக் கணக்கை எடுத்தாலும் சரிவு ஒன்றுதான். மொத்தமே 51,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய நாடு, நாற்பது ஆண்டுகளில் தன் காட்டில் பெரும்பகுதியை இழந்துவிட்டது.

இதைச் செய்தவர்கள் ஏதோ கொள்ளைக்காரர்கள் அல்ல. சட்டமே அப்படி இருந்தது. அரசு நிலத்தில் குடியேறிய ஒருவர் உரிமை கோர வேண்டுமென்றால், அந்த நிலத்தை 'மேம்படுத்தி' இருப்பதைக் காட்ட வேண்டும். மேம்பாடு என்றால் மரத்தை வெட்டி வேலி போட்டு மாடு கட்டுவது. காட்டைத் திருத்துவது என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இருக்கும் எண்ணம்தான் அங்கேயும் சட்டமாக இருந்தது. நிற்கிற காடு திருந்தாத நிலம். அப்புறம், அமெரிக்காவின் மாட்டிறைச்சிச் சந்தைக்காக மேய்ச்சல் நிலத்துக்கு வங்கிகள் மலிவான கடனைக் கொடுத்தன. காட்டை விட்டு வைத்தவனுக்குப் பட்டாவும் இல்லை, கடனும் இல்லை. வெட்டியவனுக்கு இரண்டும் கிடைத்தன. இந்த நிலையில் ஒரு விவசாயி என்ன செய்வார்?

எனவே இதைப் பேராசையின் கதையாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கொள்கை எந்தத் திசையில் தள்ளியதோ அந்தத் திசையில் மக்கள் போனார்கள். அதே கொள்கையைத் திருப்பிப் பிடித்தால் மக்களும் திரும்புவார்கள் என்ற நம்பிக்கைக்கும் இதில்தான் இடமிருக்கிறது.

மானியம் கூலியாக மாறிய விதம்

திருப்பம் ஒரே நாளில் வரவில்லை. 1969இல் முதல் வனச் சட்டம் வந்தது. அடுத்த பத்தாண்டில் மரம் நட்டவர்களுக்கு வருமான வரியில் கழிவு கொடுத்தார்கள். வருமான வரி கட்டுகிற அளவுக்கு வசதியுள்ள நிறுவனங்களுக்கு அது உதவியதே தவிர, சிறு விவசாயிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதைச் சரிசெய்ய 1980களின் பிற்பகுதியில் வனச் சான்றிதழ்கள் வந்தன. அவற்றைக் கைமாற்றிப் பணமாக்கிக்கொள்ள முடிந்ததால் சிறு நில உடைமையாளர்களும் உள்ளே வந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் ஒரு நெருக்கடி. கடன் சுமையில் இருந்த அரசிடம் மானியங்களைக் குறைக்கச் சொல்லி உலக வங்கி நெருக்கியது. காட்டுக்கான மானியமும் வெட்டப்படும் நிலை. அப்போது எடுக்கப்பட்ட முடிவைத்தான் இந்த நிகழ்வின் உயிர்நாடி என்பேன். மானியம் என்ற சொல்லையே கைவிட்டார்கள். காடு வைத்திருப்பவர் சமூகத்துக்கு ஒரு சேவை செய்கிறார், அதற்கு விலை கொடுக்கிறோம் என்று எழுதினார்கள். 1996இல் வந்த 7575ஆம் எண் வனச் சட்டம் நான்கு சேவைகளைப் பெயர் சொல்லி அங்கீகரித்தது: பசுங்குடில் வாயுக்களைக் குறைப்பது, நீரைக் காப்பது, உயிரினப் பன்மையைக் காப்பது, இயற்கை எழில். அடுத்த ஆண்டே பணம் வழங்குவது தொடங்கியது.

வெறும் சொல் மாற்றம்தானே என்று தோன்றலாம். மானியம் வாங்குபவர் கை நீட்டி நிற்பவர். கூலி வாங்குபவர் வேலை செய்தவர். நிதி அமைச்சகத்திடம் பேசும்போதும் சரி, மலையில் இருக்கும் விவசாயியிடம் பேசும்போதும் சரி, இந்த வித்தியாசம் பெரியது.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. வெளிநாட்டில் கோஸ்டா ரிக்காவைப் புகழ்ந்து பேசுபவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இயற்கைக் காடு இருக்கும் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்று அது தடை விதித்தது. தனியார் நிலமாக இருந்தாலும் இதே விதிதான். ஒரு கையில் தடை, மறு கையில் பணம். தடை மட்டும் வந்திருந்தால் ஊரே எதிர்த்திருக்கும். பணம் மட்டும் வந்திருந்தால், அன்னாசிக்கு நல்ல விலை வந்த அன்றைக்கே காடு போயிருக்கும். இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் சட்டம் நின்றது என்பது என் கணிப்பு.

ஒப்பந்தம் நடைமுறையில்

மலைச்சரிவில் முப்பது ஹெக்டேர் காடு வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் நிலப் பத்திரம், அளவை வரைபடம் இரண்டையும் எடுத்துக்கொண்டு நிதியத்துக்கு விண்ணப்பிக்கிறார். உரிமம் பெற்ற வனப் பொறியாளர் ஒருவர் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்து மேலாண்மைத் திட்டம் எழுதித் தருகிறார். அவருடைய கட்டணமும் விவசாயிக்கு வரும் தொகையிலிருந்தே போகும். ஒப்பந்தம் கையெழுத்தானதும் அது நிலப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. நாளைக்கு நிலத்தை விற்றாலும் வாங்கியவரை அது கட்டுப்படுத்தும்.

அதன் பிறகு மரம் வெட்டக் கூடாது, மாடு உள்ளே போகக் கூடாது, வேட்டை கூடாது. காட்டுத் தீ பரவாமல் இருக்க எல்லையோரம் செடி கொடிகளை அகற்றி வெற்றுப் பட்டை விட வேண்டும். இந்தக் காடு ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று பலகை வைக்க வேண்டும். பொறியாளர் ஆண்டுதோறும் வந்து பார்த்துச் சான்றளித்தால் அந்த ஆண்டின் பணம் வரும். காட்டைப் பாதுகாப்பதற்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 64 டாலர் என்ற அளவிலும், நீர்வளத்துக்கு முக்கியமான இடமாக இருந்தால் சுமார் 80 டாலர் என்ற அளவிலும் நீண்ட காலம் கொடுத்து வந்தார்கள். இதற்கு ஈடாக, அந்தக் காடு உறிஞ்சும் கரிமத்தை, தங்கள் உமிழ்வுக்கு ஈடு தேடும் நாடுகளுக்கோ நிறுவனங்களுக்கோ விற்கும் உரிமை நிதியத்துக்குப் போய்விடுகிறது.

1997 முதல் இப்படி ஒப்பந்தத்துக்குள் வந்த நிலம் 10 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. விண்ணப்பங்கள் எப்போதும் இருக்கிற பணத்தைவிட அதிகம். அதனால் வரிசையில் யாரை முன்னே நிறுத்துவது என்பதே ஒரு தனிக் கொள்கையாகிவிட்டது.

தொடக்கத்தில் அந்த வரிசைக்குள் வரவே முடியாதவர்கள் இருந்தார்கள். பத்திரம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நிலத்தை ஆண்டு வந்தவர்கள் அவர்கள். அரசுப் பணத்தைப் பத்திரம் இல்லாதவருக்குக் கொடுக்க முடியாது என்பது தணிக்கையாளர் வாதம். 2008இல் ஒரு சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. தலமாங்கா மலைப்பகுதியின் பிரிப்ரி, கபேகர் பழங்குடிகளுக்குத் தனி மனிதப் பட்டா கிடையாது, நிலம் சமூகத்துக்குச் சொந்தம். சமூகத்தின் பெயரிலேயே ஒப்பந்தம் போட வழி செய்தார்கள். வெட்டியவனுக்குப் பட்டா கொடுத்த பழைய சட்டத்தின் நிழல், காட்டைக் காத்தவனுக்குக் கூலி கொடுக்கும் புதிய சட்டத்தின் மேலும் பத்தாண்டுக்கு மேல் விழுந்து கிடந்தது. இதைப் படித்தபோது மனசு கனத்தது.

தண்ணீர்: நம்பிக்கையும் உண்மையும்

காடு இருந்தால் தண்ணீர் பெருகும் என்று எல்லோரும் சொல்கிறோம். பாதி உண்மை இது. இந்தப் பாதியை நம்பிக் கொள்கை வகுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மரம் தண்ணீர் குடிக்கும். மழையில் ஒரு பகுதி இலையிலேயே தங்கி ஆவியாகும். வேர் உறிஞ்சியது இலை வழியே வெளியேறும். வெற்று நிலத்தில் காடு வளர்த்தால் ஆற்றில் ஓடும் ஆண்டு மொத்த நீர் பெரும்பாலும் குறையும். காட்டை வெட்டினால் அந்த மொத்தம் கூடும். ஆனால் கூடிய நீரில் பெரும்பகுதி மழை பெய்த சில மணி நேரத்திலேயே மண்ணை அள்ளிக்கொண்டு வெள்ளமாகப் போய்விடும்.

காட்டுத் தரையைக் கையால் அழுத்திப் பார்த்தால் விரல் உள்ளே இறங்கும். மேலே மக்கும் இலை, அதன் கீழே புழுவும் செத்த வேரும் விட்டுப்போன துளைகள். எவ்வளவு மழை வந்தாலும் அங்கே உள்ளே இறங்க வழி இருக்கிறது. பக்கத்திலேயே இருபது ஆண்டு மாடு மேய்ந்த சரிவில் அதே கையை வைத்தால் தரை இறுகிக் கிடக்கும். குளம்பு மிதித்து மிதித்துத் துளைகள் அடைபட்டிருக்கும். அங்கே மழை வழுக்கிக்கொண்டு ஓடும். கோடையில் ஊற்று வற்றுமா வற்றாதா என்பதை முடிவு செய்வது, மரம் குடிக்கும் தண்ணீரை விட மண் உள்ளே வாங்கும் தண்ணீர் எவ்வளவு கூடுதல் என்பதுதான். மண் கெட்டுப்போன இடத்தில் காடு திரும்பினால் கோடை ஊற்று பிழைக்கலாம். நல்ல மண்ணில் அதே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மோன்டேவெர்தே போன்ற உயரமான இடங்களில் இருக்கும் மேகக் காடு. அங்கே காற்றில் நகர்ந்து வரும் மூடுபனியை இலையும் பாசியும் கிளையில் தொற்றி வாழும் செடிகளும் வடிகட்டிச் சொட்டாக இறக்குகின்றன. மழைமானியில் பதிவாகாத தண்ணீர் அது. அந்தக் காட்டை வெட்டினால் அந்தத் தண்ணீர் இறங்காமல் காற்றோடு போய்விடும்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர்கள் தாமாகவே பணம் கொடுக்க முன்வந்தார்கள் என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1997இல் சரப்பிக்கி பகுதியில் சிறு நீர்மின் நிலையங்கள் நடத்திய எனர்ஹியா குளோபல் என்ற நிறுவனம், தன் ஆறுகளின் நீர்ப்பிடிப்பில் இருக்கும் காட்டுக்காக ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 டாலர் தர ஒப்புக்கொண்டது. மீதியை நிதியம் போட்டது. பெரிய அணை இருந்தால் மழைநாளில் தேக்கிக் கோடையில் பயன்படுத்தலாம். இந்த நிறுவனத்திடம் பெரிய தேக்கம் இல்லை. ஆற்றில் அன்றன்றைக்கு ஓடுவதுதான் அன்றைய மின்சாரம். வெள்ளத்தில் வருவது கைக்கு எட்டாமல் போகும், கூடவே வரும் வண்டல் சேதம் செய்யும். சீராக வரும் ஆறு அவர்களுக்கு நேரடி லாபம்.

2000ஆம் ஆண்டில் எரேடியா நகரின் பொதுச் சேவை நிறுவனம் இன்னும் தெளிவான ஒரு காரியம் செய்தது. வீட்டுத் தண்ணீர் ரசீதிலேயே நீர்ப்பிடிப்புக் காட்டுக்கென்று ஒரு சிறு கட்டணத்தைச் சேர்த்தது. குழாயைத் திறக்கும் வீடு, மேலே ஊற்றைச் சுற்றியுள்ள காட்டின் சொந்தக்காரருக்குப் பணம் அனுப்புகிறது. யார் கொடுக்கிறார், யாருக்குப் போகிறது, எந்த ஓடைக்காக என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. 2006 முதல் நாடு முழுவதும் நீர் எடுப்பவர்களுக்கான கட்டணத்தையும் உயர்த்தி, அதில் ஒரு பங்கு அதே நீர்ப்பிடிப்பின் காட்டுக்கே போக வேண்டும் என்று விதி செய்தார்கள். நல்ல விதி. ஆனால் மொத்த வரவில் தண்ணீரின் பங்கு சிறியதாகவே இருந்தது, பெட்ரோல் வரிதான் தேரை இழுத்தது.

காடு திரும்பியது யாரால்

இன்றைக்குக் கோஸ்டா ரிக்காவில் பாதிக்கு மேல் காடு. 2021இல் சுற்றுச்சூழல் பணிக்கான எர்த்ஷாட் என்ற சர்வதேசப் பரிசும் கிடைத்தது. சரி, அந்தக் காடு இந்தப் பணத்தால்தான் திரும்பியதா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 1980களில் மாட்டிறைச்சி விலை விழுந்தது, மேய்ச்சலுக்கான மலிவுக் கடன் நின்றது, குறிப்பாக வடமேற்கில் குவானகாஸ்டே பக்கம் மேய்ச்சல் நிலங்களைக் கைவிட்டார்கள். கைவிட்ட நிலத்தில் பறவையும் வௌவாலும் விதை போட்டுக் காடு தானாக எழுந்தது. சட்டம் வருவதற்கு முன்பே சரிவு நின்றுவிட்டது. 1970களிலிருந்து தேசியப் பூங்காக்கள் விரிந்தன, அவற்றைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகளால் நிற்கிற காட்டுக்கு ஒரு வருமானம் வந்தது.

திட்டத்தின் முதல் சில ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இன்னும் கசப்பானது. ஒப்பந்தத்துக்குள் வந்த நிலத்தில் பெரும்பகுதி, பணம் வராமல் இருந்தாலும் வெட்டப்பட்டிருக்காது. செங்குத்தான சரிவு, சாலை இல்லாத மூலை. மாடு வளர்க்கவே உதவாத இடங்களைத்தான் சொந்தக்காரர்கள் ஒப்பந்தத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஆபத்தில் இருந்த காடு வெளியே நின்றது. பின்னாளில் சரப்பிக்கியில் பண்ணை அளவில் பார்த்த ஆய்வு, ஒப்பந்தம் உள்ள பண்ணைகளில் காடு கூடியிருந்ததைக் கண்டது. எனவே பலன் இல்லை என்று ஒதுக்கவும் முடியாது.

இந்த ஆய்வுகளைக் காட்டி, பணம் வீண் என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. தடையை மக்கள் சகித்துக்கொண்டதற்கு இந்தப் பணம் ஒரு காரணம். தடையையும் பணத்தையும் பிரித்துவிட்டு, பணத்தின் தனிப் பங்கை மட்டும் அளந்தால் அது சிறியதாகத்தான் தெரியும். ஆனால் விண்ணப்பித்தவருக்கெல்லாம் ஒரே விலை என்று தொடக்கத்தில் வைத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆபத்தான இடத்தையும் ஊற்றுக்கு மேலே இருக்கும் இடத்தையும் முன்னுக்குக் கொண்டுவரும் முறை பின்னால்தான் வந்தது.

காடு கணக்கில் வந்தது, ஆறு வரவில்லை

மேலே காட்டைக் காத்த அதே நாட்டில், தலைநகர் சான் ஹோசேயின் கழிவுநீர் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமலே டார்கோலஸ் ஆற்றில் கலந்தது. பெரிய சுத்திகரிப்பு நிலையம் 2015இல்தான் திறக்கப்பட்டது. கரீபியப் பக்கத்தில் சிக்கிர்ரெஸ் வட்டாரத்தின் எல் கைரோ உள்ளிட்ட சில ஊர்களில், அன்னாசித் தோட்டங்களில் தெளித்த புரோமாசில் என்ற களைக்கொல்லி குடிநீர் ஊற்றுகளில் இறங்கியது. அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்திருந்தார்கள். புரோமாசிலுக்குத் தடை வந்தது 2017இல். உலகிலேயே அதிகம் அன்னாசி ஏற்றுமதி செய்யும் நாடு அது, எனவே தடை தாமதித்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஊர் ஊராகக் குடிநீரைப் பார்த்துக்கொள்ளும் மக்கள் சங்கங்கள் அங்கே 1,400க்கு மேல் இருக்கின்றன. சம்பளமில்லாமல் ஊற்றையும் குழாயையும் காப்பவர்கள் அவர்களில் பலர். 2020இல் குடிநீர் உரிமை அரசியல் சட்டத்திலேயே ஏறியது. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் அடிப்படை நீர்ச் சட்டம் 1942இல் எழுதப்பட்டது. காட்டுக்கு 1996இல் புதிய சட்டம் கிடைத்தது. ஆற்றுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. வானத்திலிருந்து படம் எடுத்தால் காடு தெரியும், அதைப் பரிசுக் குழுவுக்குக் காட்டலாம். ஊற்றில் கரைந்த விஷம் எந்தப் படத்திலும் தெரியாது.

காலநிலை எழுப்பும் சிக்கல்

கரிமத்துக்கான பணம் முதலிலேயே வந்தது. 1997இல் நார்வே 2 லட்சம் டன் கரிமத்துக்கு 20 லட்சம் டாலர் கொடுத்தது. பெரிய சந்தை உருவாகும் என்ற எதிர்பார்ப்பு பல ஆண்டுகள் நிறைவேறவே இல்லை. 2020இல் உலக வங்கி வழியாக 6 கோடி டாலர் வரை பெற ஒப்பந்தமானது. 2022இல் அதிலிருந்து முதல் தவணையாக 1.64 கோடி டாலர் வந்தது. டன்னுக்கு 5 டாலர் கணக்கு.  வெளிநாட்டுக் கரிமப் பணத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்தத் திட்டம் எப்போதோ படுத்திருக்கும்.

உள்ளூர் வரியிலும் சிக்கல் இருந்தது. 1996 சட்டம் எரிபொருள் மீதான ஒரு வரியில் மூன்றில் ஒரு பங்கை நிதியத்துக்கு ஒதுக்கியது. நிதி அமைச்சகம் அதை ஒருபோதும் முழுதாகக் கொடுக்கவில்லை. அதனால்தான் 2001இல் 3.5 சதவீதம் என்று கொஞ்சமாக, ஆனால் உறுதியாக மாற்றி எழுதினார்கள். கேட்டுக் கேட்டு வாங்கும் பெரிய பங்கை விட, கேட்காமல் வரும் சிறு பங்கு மேல் என்று கருதியிருக்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இப்போது அந்த உறுதியான வரவுக்கே ஆபத்து. 2050க்குள் நிகரக் கரிம உமிழ்வைப் பூச்சியமாக்கும் திட்டத்தை 2019இல் கோஸ்டா ரிக்கா அறிவித்தது. 2018 முதல் மின்வாகனங்களுக்கு வரிச் சலுகை தருகிறது. அந்தத் திட்டம் வெற்றி பெற்றால் பெட்ரோல் விற்பனை குறையும். பெட்ரோல் குறைந்தால் காட்டுக்கு வரும் பணம் குறையும். காலநிலைக் கொள்கையின் ஒரு கை ஜெயிக்க ஜெயிக்க இன்னொரு கை காலியாகும்.

இயற்கையும் காத்திருக்கவில்லை. மோன்டேவெர்தேயில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து, கோடையில் மூடுபனி இறங்காத நாட்கள் கூடிக்கொண்டே வந்ததை அங்கே ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்தார்கள். அந்தக் காட்டில் மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரையைக் கடைசியாக மனிதக் கண் பார்த்தது 1989இல். வெட்டாமல் காத்த காட்டிலேயே இது நடந்தது. மின்சாரத்தில் பெரும்பங்கு ஆறுகளிலிருந்தே வரும் நாட்டில், 2024 மே மாதம் வறட்சியால் மின்வெட்டு அறிவிக்க வேண்டி வந்தது. கடைசி நேரத்தில் மழை பெய்ததால் அதைத் தள்ளி வைத்தார்கள்.

பெட்ரோல் வரி தேய்ந்த பிறகு அந்த இடத்தை எது நிரப்பும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை பதில் எரேடியாவின் தண்ணீர் ரசீதில் இருக்கிறது. தண்ணீரின் தேவை பெட்ரோலைப் போல ஒருநாளும் குறையப் போவதில்லை. ஆற்றில் இறங்கும் நீருக்கு அன்னாசித் தோட்டமும், நீர்மின் நிலையமும், நகரக் குழாயும் உரிய விலை கொடுத்தால், அந்தப் பணம் போகும் காடு எங்கே இருக்கிறது என்று அவர்களே கேட்பார்கள். ஊற்றில் என்ன கலந்திருக்கிறது என்றும் கேட்பார்கள். 2006 விதியில் அதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. உயர்த்த வேண்டியது கட்டணத்தை. பெரிய அளவில் நீர் எடுப்பவர்களிடமிருந்து அதைத் தொடங்க வேண்டும், எல் கைரோவில் குடத்தோடு நின்றவர்களிடமிருந்து அல்ல.